திங்கட்கிழமை மீன்குழம்பு

என் மதினி செபமாலையம்மாளைப் புனிதை ஆக்கிவிட எங்கள் எஸ்டேட்டே கங்கணம் கட்டிக்கொண்டு நின்றது. அவள்தான் மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். நானாக இருந்தால் சத்தியமாகச் சொல்லியிருக்க மாட்டேன். ஊர் கையெடுத்துக் கும்பிட்டால் யாருக்காவது கசக்குமா? அவளுக்குக் கசந்தது.

மதினி என்றால் என் அண்ணன் சுவக்கீனுடைய மனைவி. மூணாறிலிருந்து மேலே ஏறுகிற ரோட்டை ஒட்டி எங்கள் லயம். லயம் என்பது வரிசையாக ஒட்டிக் கட்டிய எஸ்டேட் வீடுகள். ஒரு வீட்டில் தும்மினால் நாலாவது வீட்டிலிருந்து ‘ஆயுசு நூறு’ என்பார்கள். அண்ணனுக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை. மதினியும் நானும் கொழுந்து கிள்ளுகிறவர்கள். எங்கள் பாட்டன்மார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தேயிலைக்கு வந்தபோது வேதத்தையும் மீன்குழம்பையும் சேர்த்தே கொண்டுவந்தார்கள். இரண்டையும் நாங்கள் விடவில்லை.

எழுபத்து மூன்றாம் வருஷம் மழைக்காலம் முழுக்க மதினி இருமினாள். கஷாயம் குடித்தாள், தைலம் தேய்த்தாள், இருமல் நிற்கவில்லை. கார்த்திகைக் குளிரில் ஒருநாள் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு இருமியபோது முந்தானையில் ரத்தம். காசநோய் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அங்கே டாக்டர் ஞானஜோதி என்று ஒரு அம்மா. நாகர்கோயில் பக்கத்துக்காரர், சின்ன வயசு, நறுக்கென்று பேசுவார். மதினியை ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்து ஊசி போட்டார். ஊசி முடிந்து, தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதனுக்கு வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரைப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து, “ஒன்றரை வருஷம். நல்லாயிட்டேன்னு நீங்களா நிறுத்தினா, அடுத்த தடவ நான் ஒண்ணும் செய்ய முடியாது. புரியுதா?” என்றார். மதினி தலையை ஆட்டினாள். இனி யாருக்கும் ஒட்டாது, பயப்பட வேண்டாம் என்றும் டாக்டரம்மா சொல்லித்தான் அனுப்பினார்.

அது யார் காதில் ஏறியது? குழாயடியில் மதினி குடத்தை வைத்தால் பக்கத்துக் குடங்கள் நகர்ந்தன. பக்கத்து வீட்டு வேலுத்தாய் தன் பிள்ளையை எங்கள் வாசலில் விளையாட விடவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்த ஒருவரும் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. “இப்பதான் குடிச்சிட்டு வந்தேன்” என்பார்கள். மொத்த எஸ்டேட்டும் அப்போதுதான் குடித்துவிட்டு வந்திருந்தது! எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மதினி மட்டும், “விடுட்டி, அவுக புள்ளகுட்டிக்காரக. பயம் இருக்கத்தான் செய்யும்” என்பாள்.

இப்போது மீன் கதைக்கு வருகிறேன். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் எங்களுக்குச் சுத்தபோசனம். இறைச்சி தொடக்கூடாது, மீன் தின்னலாம். அதனால் வெள்ளிக்கிழமை ஆனால் எங்கள் லயத்துக் கிறிஸ்தவ வீடுகளில் எல்லாம் மீன்குழம்பு மணக்கும். நோன்பா விருந்தா என்று இந்து வீட்டுக்காரர்கள் கேலி செய்வார்கள். கொச்சியிலிருந்து லாரியில் ஐஸ் போட்டு வருகிற மீனை மம்மது காக்கா கூடையில் எடுத்துக்கொண்டு மேலே ஏறி வருவார். மலைக்கு வந்து சேரும்போது ஐஸ் பாதி தண்ணீராகியிருக்கும். அதில் விலை குறைவும் சதை மிகுதியும் சூரைக்குத்தான். நாங்கள் சூரை வாங்குவோம்.

முதல் வெள்ளி. மத்தியானம் எல்லாரும் ஒரே சட்டியிலிருந்து சாப்பிட்டோம். சாப்பிட்ட பிறகு மதினி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில், “கத்தரீனா, மூஞ்சி எரியுதுட்டி” என்றாள். திரும்பிப் பார்த்தேன். முகமும் கழுத்தும் சிவந்து தடித்திருந்தன, கண் ரத்தமாக இருந்தது. தலை வெடிக்கிறது என்றாள், நெஞ்சு குதிரை மாதிரி ஓடுகிறது என்றாள். வேர்த்து ஜாக்கெட் நனைந்துபோனது. நான் விசிறினேன், அண்ணன் ஜெபம் சொன்னான். அந்த நேரம் பார்த்துக் கோயிலில் மூன்று மணி அடித்தது. வெள்ளிக்கிழமை மூன்று மணி என்றால் ஆண்டவர் சிலுவையில் உயிர்விட்ட நேரம். சாயங்காலத்துக்குள் எல்லாம் வடிந்து மதினி எழுந்து விளக்கேற்றினாள்.

அடுத்த வெள்ளியும் அதேதான். அதே சிவப்பு, அதே வேர்வை, ஏறக்குறைய அதே நேரம். அன்றைக்கு வீட்டில் ஆசீர்வாதம் உபதேசியார் இருந்தார். சாமியார் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார்; மற்ற நாட்களில் கோயிலைத் திறப்பது, ஜெபம் சொல்லிக்கொடுப்பது, சாவுக்கு மந்திரிப்பது எல்லாம் உபதேசியார்தான். நல்ல மனுஷர். முழங்காலில் நின்று நின்று முழங்கால் காய்த்துப்போனவர். மதினியைப் பார்த்தார், மணிச்சத்தத்தைக் கேட்டார், அப்படியே தரையில் முழந்தாளிட்டுவிட்டார்.

“இது நோவு இல்ல சுவக்கீன்” என்றார். “ஆண்டவரு ஒலிவ மலையில வேர்த்தாரே, அந்த வேர்வ. அவரு பட்ட பாட்டுல ஒரு துளிய நம்ம செபமாலைக்குக் குடுத்திருக்காரு.”

“எம்மேல என்ன விசேஷம், எனக்கு எதுக்கு?” என்று மதினி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். தலைவலியில் அவளுக்கு அவ்வளவுதான் பேச முடிந்தது.

மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையோ என்று அண்ணன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் மாத்திரையைத் தினமும் காலையில் முழுங்குகிறாள். சனி, ஞாயிறு, திங்கள் ஒன்றும் செய்யவில்லையே? மீனோ என்று நான் கேட்டேன். அதே சட்டியில் நானும் அண்ணனும் தின்றோம், எங்களுக்கு ஒன்றும் இல்லையே? மாத்திரையும் இல்லை, மீனும் இல்லை என்றால் மிச்சம் இருப்பது வெள்ளிக்கிழமை. உபதேசியாரை நான் எவ்வளவோ திட்டியிருக்கிறேன், ஆனால் அவர் போட்ட கணக்கில் அன்றைக்கு எங்களுக்குத் தப்புத் தெரியவில்லை.

மூன்றாவது வெள்ளிக்கு வாசல் கொள்ளாத ஜனம். பிள்ளையை எங்கள் வாசலில் விடாத வேலுத்தாய், இந்துக்காரி, எலுமிச்சம்பழத்தோடு வந்து முதல் ஆளாக நின்றாள். ஒருத்தி மதினியின் வேர்வையைக் கைக்குட்டையில் ஒற்றி எடுத்தாள். காய்ச்சல்காரப் பிள்ளைகளைக் கொண்டுவந்து மடியில் போட்டார்கள். கீழ் டிவிஷனிலிருந்து, அதற்கும் கீழே ஏலத்தோட்டத்திலிருந்து எல்லாம் ஆள். கையில் முத்தமிட்டார்கள், காலைத் தொட்டார்கள். ஆனால் பாருங்கள், அத்தனை பேரில் ஒருத்தராவது எங்கள் வீட்டில் தண்ணீர் குடித்தார்களா? இல்லை! கும்பிடலாம், குடிக்கக்கூடாது. இது என்ன பக்தி என்று நான் வாய்விட்டே கேட்டேன். அண்ணன் என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனான்.

ஞாயிறு வந்த சாமியார், “அவசரப்படாதீங்க, பொறுத்துப் பாப்போம்” என்றார். அவசரப்படாமல் இருக்க எங்கள் ஜனத்துக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்?

மதினிக்கு அந்த மரியாதை பிடிக்காமல் இருந்தது என்று சொன்னால் பொய். மாசக்கணக்கில் நாய் மாதிரி ஒதுக்கப்பட்டவள். குழாயடியில் அவளுக்கு முதலில் வழிவிட்டார்கள். அன்றைக்கு அவள் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பைப் பார்த்தேன். அந்தச் சிரிப்பு கபிரியேல் வந்த நாளோடு போய்விட்டது.

கபிரியேல் உபதேசியாருடைய மகன். இருபது வயசு, ஃபேக்டரியில் அண்ணனோடு வேலை பார்த்தவன். மதினிக்கு முன்னாலேயே அவனுக்கும் இதே நோய் கண்டு, இதே டாக்டரம்மாவிடம் இதே மாத்திரை தின்றுகொண்டிருந்தான். மூன்றாவது வெள்ளிக்கு மறுநாள் உபதேசியார் அவனைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்து மதினி முன்னால் உட்கார வைத்தார். பையன் இளைத்துப்போயிருந்தான். உட்கார்ந்ததும் இருமினான். அந்த இருமலைக் கேட்டு மதினி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அது அவளுக்குத் தெரிந்த இருமல்.

“மாத்திர தின்னுதியாடே?” என்றாள்.

அவன் அப்பாவைப் பார்த்தான். “இல்லக்கா. நிறுத்தியாச்சு.”

“எதுக்கு?”

உபதேசியார்தான் பதில் சொன்னார். “உன்னக் கொண்டே ஆண்டவர் கண்ணத் தொறந்துட்டாரும்மா. மொத வெள்ளி அன்னைக்கே... இல்ல, ரெண்டாவது வெள்ளி நான் கண்ணால பாத்தேன்ல, அன்னைக்கே நிறுத்திட்டேன். உன் கைய அவன் தலையில வையி. அது போதும்.”

மதினி கையை வைக்கவில்லை. “ஐயா, நானே மாத்திரதான் திங்கேன். இன்னைக்குக் காலையிலயும் தின்னேன். என் தலைக்கு மாத்திர, அவன் தலைக்கு என் கையா?”

“அது உன் அடக்கம்” என்றார் உபதேசியார். கண் கலங்கியிருந்தது. “என் மூத்தவ இதே நோவுல ஆஸ்பத்திரியில ஊசி போடப் போடத்தாம்மா செத்தா. மருந்த நம்பி ஒரு புள்ளயக் குடுத்துட்டேன். இன்னொண்ணக் குடுக்க மாட்டேன்.”

அவர்கள் போன பிறகு மதினி அடுப்பில் விறகைத் தள்ளினாள். “அந்தப் புள்ள செத்தா என்னாலதாட்டி” என்றாள். அந்த வாரம் முழுக்க அவள் சிரிக்கவே இல்லை. நெருப்பை மடியில் கட்டிக்கொண்டவள் மாதிரி நடமாடினாள்.

அடுத்த வெள்ளி மீன் லாரி மலைப்பாதையில் அச்சு முறிந்து நின்றுவிட்டது. மீன் இல்லை. பருப்பும் கீரையும் வைத்தோம். வாசலில் ஜனம் காத்திருந்தது. மூன்று மணி அடித்தது. எல்லாரும் மதினியின் முகத்தையே பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. நாலு மணி ஆயிற்று. மதினி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வந்தவர்களுக்கு ஏமாற்றம், யாரோ விசுவாசம் குறைந்தவர்கள் கூட்டத்தில் இருக்கிறார்கள், அதுதான் என்று ஒருத்தி என்னை முறைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் சனிக்கிழமை மம்மது காக்கா வந்தார். நேற்றுத் தின்ன வேண்டியதை இன்று தின்போம் என்று அண்ணன் சூரை வாங்கினான். சாப்பிட்டுக் கை கழுவி வந்து உட்கார்ந்தோம். மதினி திடீரென்று தன் கன்னத்தைத் தொட்டாள். அந்தச் சிவப்பு ஏறிக்கொண்டிருந்தது. நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. நான் பதறி எழுந்தேன். அவளோ, தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய, சிரித்தாள்!

“ஏட்டி கத்தரீனா... ஆண்டவரு சனிக்கிழமையாட்டி செத்தாரு?”

வலியில் துடித்துக்கொண்டு அவள் சிரித்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பைத்தியம் பிடித்துவிட்டது என்று அண்ணன் நினைத்தான். எனக்கு மெள்ளத்தான் உறைத்தது. மாத்திரை தினமும் தின்கிறாள், ஒன்றும் செய்யவில்லை. மீன் நாங்கள் எல்லாரும் தின்கிறோம், ஒன்றும் செய்யவில்லை. மாத்திரை தின்கிறவள் மீனும் தின்றால்? எங்களில் அந்த இரண்டையும் சேர்த்துத் தின்றவள் அவள் ஒருத்திதான். கபிரியேலும் மாத்திரை தின்றவன்தான். ஆனால் உபதேசியார் வீட்டில் தவக்காலம் முழுக்கக் கஞ்சியும் துவையலும்தான், மீன் வாசனையே கிடையாது.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு இருவரும் டாக்டரம்மாவிடம் போனோம். அவர் எல்லாவற்றையும் கேட்டார். பேனாவை மூடி வைத்துவிட்டு யோசித்தார்.

“இப்படி ஒண்ணு நான் படிச்சதும் இல்ல, கேட்டதும் இல்ல” என்றார். “அதுக்காக நீங்க சொல்றது தப்புன்னு சொல்ல மாட்டேன். கெட்டுப்போக ஆரம்பிச்ச மீன்ல ஒரு பொருள் சேரும். நம்ம உடம்பு அத முறிச்சிரும். இந்த மாத்திர அந்த முறிக்கிற வேலயத் தடுக்குதோ என்னவோ. ரொம்பத் தடிப்பு, வேர்வைன்னு நீங்க முன்னாடியே வந்து சொல்லியிருந்தா...”

“வந்தா பாடுன்னு சொல்லுததா, நோவுன்னு சொல்லுததா டாக்டரம்மா?” என்றாள் மதினி.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். “மாத்திரய விடாதீங்க. மீன விட்டிருங்க. அவ்வளவுதான்.”

மதினிக்கு அது அவ்வளவுதான் இல்லை. அங்கிருந்து நேரே உபதேசியார் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். “அடக்கம் உள்ளவங்க இப்படித்தாம்மா சொல்லுவாங்க” என்றார். இவள் இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல அவருக்கு அவள் மேலே மேலே உயர்ந்துகொண்டே போனாள். மறுநாள் டாக்டரம்மாவே அவர் வீட்டுக்கு ஏறி வந்து சொல்லிப் பார்த்தார். உபதேசியார் காப்பி கொடுத்து, கும்பிட்டு, வழியனுப்பி வைத்தார். உள்ளே கபிரியேலுக்குக் காய்ச்சல் ஏறியிருந்தது. துப்பினதில் ரத்தம் இருந்தது என்று அண்ணன் ஃபேக்டரியில் கேள்விப்பட்டு வந்து சொன்னான். மீனை விட்டதால் அடுத்த இரண்டு வெள்ளியும் மதினிக்கு ஒன்றும் வரவில்லை; பெரிய வெள்ளிக்காக ஆண்டவர் நிறுத்தி வைத்திருக்கிறார் என்றார்கள். அன்றைக்கு மதினியை நாற்காலியில் வைத்துக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போவதாக ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது.

மதினி ஆஸ்பத்திரிக்குத் திரும்பவும் போனாள். இந்தத் தடவை அவள் கேட்டது வேறு. டாக்டரம்மாவுக்கு மூக்கு நுனியில் கோபம் வந்துவிட்டது.

“எல்லார் முன்னாலயும் வேணும்னே மீன் தின்னு காட்டப் போறீங்களா? உங்களுக்கு என்ன பைத்தியமா? நெஞ்சு இப்பதான் ஆறிட்டு வருது.”

“நாலு தடவ வந்து நாலு தடவயும் போயிருக்கு. அஞ்சாவது தடவயும் போகும். நீங்க பக்கத்துல ஊசியோட நில்லுங்க.”

“காட்டணும்னா அந்தப் பையனுக்கே கொஞ்சம்...” என்று நான்தான் இழுத்தேன்.

மதினி திரும்பிப் பார்த்த பார்வையில் நான் வாயை மூடிக்கொண்டேன். “அவன் இருக்குத இருப்புல அவனுக்கா? எம்மேல ஏத்தி விட்டத எம்மேலயே எறக்கணும்” என்றாள். பிறகு டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஒரு புள்ள சாகுதத விட இது பெரிசாம்மா?”

டாக்டரம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, “ஒரே ஒரு துண்டு. அதுக்கு மேல தொடக்கூடாது” என்றார்.

மதினி நாள் பார்த்தாள். பெரிய வெள்ளிக்கு முந்தின திங்கட்கிழமை. திங்கட்கிழமைக்கு எந்தப் பாடும் கிடையாது, எந்தப் புனிதரும் சொந்தம் கொண்டாட மாட்டார். இடமும் அவளே பார்த்தாள்: கொழுந்து நிறுக்கிற கொட்டகை. மத்தியானம் எடைக்கு எல்லாச் சாதியும் எல்லா வேதமும் கூடை இறக்குகிற இடம் அது ஒன்றுதான். திங்கட்கிழமைக்கு மீன் வேண்டும் என்றதும் மம்மது காக்கா, “நோம்பு மாறிப்போயா சேச்சி?” என்று கேட்டார். கேட்டாரே தவிர கொண்டுவந்து கொடுத்தார்.

அன்று கொட்டகையில் கூடைகள் வரிசையாக இருந்தன. மதினி தூக்குச்சட்டியோடு வந்து நடுவில் உட்கார்ந்தாள். பின்னால் டாக்டரம்மா பையோடு வந்து நின்றார். உபதேசியாரையும் கபிரியேலையும் அண்ணன் கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டி வந்திருந்தான்.

“ஏம்மா, இது கொழுந்து நிறுக்குற எடமா, சாப்பாட்டுக் கடையா?” என்றார் எடை போடுகிற சூப்ரவைசர் பெரியமுத்து.

“இன்னைக்கு ஒருநாள் என்னையும் நிறுத்துப் பாத்திருங்கண்ணே” என்றாள் மதினி.

மாத்திரையை எல்லாரும் பார்க்கத் தூக்கிக் காட்டினாள், முழுங்கினாள். தூக்குச்சட்டியைத் திறந்தாள். “இது சூர மீனு. நீங்க எல்லாரும் திங்குத மீனு. இன்னைக்கு என்ன கெழம? சொல்லுங்க.” யாரோ திங்கள் என்றார்கள். “யாராவது ஒரு வாய் தின்னு பாருங்க. ஐயா, நீங்க?” உபதேசியார் ஒருசந்தி, ஒருவேளைச் சாப்பாட்டு நோன்பு என்று தலையை ஆட்டினார். வேலுத்தாய், “இப்பதான் சாப்ட்டுட்டு வந்தேன்” என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் முன்னால் போய் உட்கார்ந்து அவள் சட்டியில் கையை விட்டு இரண்டு துண்டு எடுத்துத் தின்றேன். “இந்தா பாத்துக்கிடுங்க! என் மூஞ்சியையும் பாத்துக்கிடுங்க, அவ மூஞ்சியையும் பாத்துக்கிடுங்க!” என்று கத்தினேன்.

மதினி ஒரு துண்டு தின்றாள். நிதானமாக, முள் எடுத்துத் தின்றாள்.

காத்திருந்தோம். பெரியமுத்துகூடத் தராசை விட்டுவிட்டு வந்தார். முதலில் காது சிவந்தது. பிறகு கழுத்து, கன்னம், கண். கை நடுங்க ஆரம்பித்தது. நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது. கூட்டத்தில் ‘மாதாவே’ என்று ஒரு சத்தம். நாலைந்து பேர் அப்படியே முழந்தாளிட்டார்கள். இத்தனைக்குப் பிறகும் இந்த ஜனம் கும்பிடத்தான் போகிறதா?

மதினி கூடையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

“எந்திரிங்க!” என்றாள். அவள் அப்படிச் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. “திங்கக்கெழமட்டி இது! யாருக்கு முழங்கால் போடுதீங்க, சூர மீனுக்கா? எங்கிட்ட ஒண்ணும் இல்ல. நான் காசநோய்க்காரி. மாத்திரையால உசுரோட இருக்கேன். மாத்திரயும் மீனும் சேந்தா இது வருது, மீன விட்டா வராது. அவ்வளவுதான் என் புனிதம்!” மூச்சு வாங்கியது. உபதேசியார் பக்கம் திரும்பினாள். குரல் இறங்கிவிட்டது. “ஐயா, ஆண்டவர் எங்கிட்ட ஏதாவது சொல்லியிருந்தா, மீன விடச் சொல்லியிருப்பாரு. மாத்திரய விடச் சொல்ல மாட்டாரு. உங்க மவனக் காப்பாத்துங்க. உங்க கால்ல வேணாலும் விழுதேன்.”

விழ வேண்டியிருக்கவில்லை, அவளாகவே தள்ளாடி என்மேல் சாய்ந்துவிட்டாள். டாக்டரம்மா அங்கேயே ஊசி போட்டார். என் மடியில் அவள் நெஞ்சு அடித்த அடி என் தொடையில் கேட்டது. அந்த நேரத்தில் நான் அழுதேன். பயத்தில் பாதி, பெருமையில் பாதி. இப்படி ஒருத்தி எங்கள் குடும்பத்துக்கு எப்படி வாய்த்தாள் என்று அழுதேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சிவப்பு இறங்கியது. ஊசிக்குக் கட்டுப்படுகிற பாடு ஆண்டவருடையது இல்லை என்று பெரியமுத்துதான் முதலில் முணுமுணுத்தார். முழந்தாளிட்டவர்கள் புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள்.

கபிரியேல் தானாக நடந்து வந்தான். டாக்டரம்மாவிடம் கையை நீட்டினான். அவர் கொடுத்த மாத்திரையை அப்பா பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழுங்கினான். உபதேசியார் தடுக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறக்கத்தில் தனியாகப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் வாசலுக்கு ஒரு ஈ காக்கை வரவில்லை. பெரிய வெள்ளிக்கு நாற்காலியும் இல்லை, கூட்டமும் இல்லை. கும்பிட்ட கைகளுக்கு வெட்கம் வந்துவிட்டால் அது கோபமாகத்தான் மாறும். நோன்பில் மீனுக்கு நாக்கைத் தொங்கப்போட்டவள் என்றார்கள். எங்களை ஏமாற்றினவள் என்றார்கள். குழாயடியில் குடங்கள் பழையபடி நகர்ந்தன. “எல்லாத்தயும் கையால தூக்கிக் குடுத்துட்டு வந்து நிக்கீங்களே மதினி” என்று நான் ஆற்றாமையில் கேட்டேன். “அவன் நேத்து வேலைக்குப் போனானாம்” என்று கபிரியேலைப் பற்றிச் சொன்னாள். அவளுக்கு அதுதான் பேச்சு. தினமும் காலையில் மாத்திரை, தட்டில் பருப்பு. அண்ணனுக்கும் எனக்கும் மட்டும் சூரையைத் தனிச் சட்டியில் நான் சமைப்பேன்.

மறுவருஷம் மழை விட்ட சமயம் மதினியின் மாத்திரை முடிந்தது. டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்து, நெஞ்சு சுத்தம் என்றார். கடைசி மாத்திரை தின்று பல நாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, மதினி தானே மம்மது காக்காவைக் கூப்பிட்டுச் சூரை வாங்கினாள். புளியும் மிளகாயும் தூக்கலாக வைத்து, நெடி லயம் முழுக்கப் பரவும்படி குழம்பு வைத்தாள். அவள் தின்பதை அண்ணனும் நானும் பக்கத்தில் உட்கார்ந்து, வைத்த கண் வாங்காமல் பார்த்தோம். “என்னத்தப் பாக்கீக, நான் என்ன சினிமாவா?” என்றாள். காது சிவக்கவில்லை. கோயிலில் மூன்று மணி அடித்தது. அவள் முகம் எங்கள் முகம் மாதிரிதான் இருந்தது. இன்னொரு துண்டு போட்டுக்கொண்டாள்.

அப்போது வாசலில் நிழல் தட்டியது. கபிரியேல். கன்னத்தில் சதை பிடித்திருந்தது. இடையில் விட்டதால் அவனுக்கு மாத்திரை இன்னும் பாக்கி. “வாசத்த மட்டும் பாத்துட்டுப் போறேங்க்கா, எனக்கு மீன் திங்க இன்னும் நாள் வரல” என்று சிரித்தான். அவனுக்குப் பின்னால் உபதேசியார் நின்றார். அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு அவர் எங்கள் லயத்தின் பக்கம் வந்ததில்லை.

நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றவர், “செபமால, குழம்பு மிச்சம் இருக்காம்மா?” என்றார்.

மதினி அவரை நிமிர்ந்து பார்த்தாள். “இருக்குங்கய்யா. ஆனா எங்க தட்டுதான் இருக்கு.”

“அதுலயே போடு.”

உட்கார்ந்தார். அவள் தட்டில், அவள் கையால் போட்ட சோற்றைப் பிசைந்து தின்றார். பாதியில் கை நின்றது. கண்ணீர் தாடியில் இறங்கியது.

“காரம் கூடிருச்சோ?” என்றாள் மதினி.

“இல்லம்மா. சரியா இருக்கு. கொஞ்சம் தண்ணி குடு.”

அவள் குடிக்கிற செம்பில்தான் மொண்டு கொடுத்தாள். வேறு செம்பு தேட எழுந்தேன். அதற்குள் அவர் கையில் வாங்கிவிட்டார். எங்கள் பக்கத்தில் சொந்த வீட்டுச் செம்பையே அண்ணாந்துதான் குடிப்போம். உபதேசியார் அதை உதட்டில் வைத்து, கடைசிச் சொட்டு வரைக்கும் வாய் வைத்துக் குடித்தார்.